பெரிய கிளப்பின் பெஞ்சா, சிறிய கிளப்பின் களமா? வாலிபால் ஆட்டக்காரரின் முதல் வெளிநாட்டு ஒப்பந்தம்

தேசிய அணிக்காக ஒன்றிரண்டு தொடர்களில் ஆடிவிட்ட, இருபதை ஒட்டிய வயதுள்ள வாலிபால் ஆட்டக்காரருக்கு வழிகள் திடீரென்று பெருகிவிடும். இத்தாலியின் பெரிய கிளப்பில் மாற்று ஆட்டக்காரராக ஓர் இடம் காலியாக இருக்கிறது என்பார் ஓர் ஏஜென்ட். பிரான்ஸிலோ பின்லாந்திலோ நடுத்தர அணி ஒன்றின் முதல் ஆறு பேரில் இடம் வாங்கித் தருகிறேன் என்பார் இன்னொருவர். கொரியாவும் ஜப்பானும் நல்ல சம்பளம் தரும் என்று சக ஆட்டக்காரர்கள் சொல்வார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஒருவர் நான்கு ஆண்டுப் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துத் தருவதாக எழுதுவார். உயரம் கொஞ்சம் குறைவாக இருந்தால், மணலில் ஆடலாமே என்று யாராவது காதில் போடுவார்கள். உள்நாட்டு கிளப்போ, எதற்கு அவசரம், இன்னும் இரண்டு ஆண்டு இரு என்று சொல்லும்.

இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலோர் முதலில் பார்ப்பது சம்பளத் தொகையை, அடுத்து கிளப்பின் பெயரை. இரண்டுமே தவறான தொடக்கம் என்பது என் கருத்து. இருபதிலிருந்து இருபத்து நான்கு வரையிலான ஆண்டுகளில்தான் ஓர் ஆட்டக்காரரின் மதிப்பு சந்தையில் நிலைபெறுகிறது. அந்த ஆண்டுகளில் உண்மையான ஆட்டங்களில் எத்தனை சர்வீஸை எதிர்கொண்டார், ஸ்கோர் சமமாக நிற்கும்போது எத்தனை பந்தை அடித்தார் என்பதைப் பொறுத்தே அடுத்த பத்தாண்டு அமைகிறது. கிளப்புகள் ஆட்டப் புள்ளிவிவரத்தையும் வீடியோவையும் பார்த்துத்தான் ஆள் எடுக்கின்றன. பெஞ்சில் உட்கார்ந்தவரிடம் இரண்டுமே இருக்காது.

நாட்டைப் பார்க்கும் முன் இடத்தைப் பாருங்கள்

பெரும்பாலான லீக்குகள் வெளிநாட்டவருக்கு வரம்பு வைத்திருக்கின்றன. இத்தாலியின் முதல்நிலை லீக்கில், லிபரோவையும் (பின்வரிசையில் மட்டும் நின்று தற்காப்பவர்) சேர்த்துக் களமிறங்கும் எழுவரில் குறைந்தது மூவர் இத்தாலியராக இருக்க வேண்டும். ஆகவே ஒரு கிளப்புக்குக் களத்தில் இருப்பது நான்கு வெளிநாட்டு இடங்கள்தான். அந்த நான்கையும் எங்கே செலவிடுவது என்று யோசிக்கும் மேலாளர், புள்ளி எடுத்துத் தருபவர்களுக்கே முதலில் ஒதுக்குவார்.

2025இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை வென்ற பெருஜியா அணியைப் பாருங்கள். அடிப்பவர்களில் ஜப்பானின் யூகி இஷிகாவா, போலந்தின் செமெனியூக், உக்ரைனின் ப்ளோட்னிட்ஸ்கி, துனீசியாவின் பென் தாரா ஆகியோர் இருந்தார்கள். பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் ஜன்னெல்லியும், பின்வரிசையைக் காத்த லிபரோ கொலாச்சியும் இத்தாலியர்கள். இது தற்செயல் இல்லை. பின்வரிசை வேலைக்கு உள்நாட்டிலேயே நல்ல ஆள் கிடைப்பார் என்று கிளப்புகள் நம்புகின்றன. செட்டர் விஷயத்தில் மொழியும் சேர்ந்துகொள்கிறது. அணியில் மற்ற எவரையும்விட அதிக முறை பந்தைத் தொடுபவர் அவர். வலையின் நடுவில் நின்று தடுக்கும் மிடில் பிளாக்கரிடம் ஒரு நொடியில் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரியாத செட்டரை எந்தப் பயிற்சியாளரும் விரும்பமாட்டார்.

எனவே லிபரோவுக்கும் ஆப்போசிட்டுக்கும் (செட்டருக்கு எதிர்நிலையில் நின்று அடிப்பவர்) ஒரே ஆலோசனையைச் சொல்பவரின் பேச்சைப் பாதி கேட்டால் போதும். இடது ஓரத்திலிருந்து அடிக்கும் அவுட்சைடு ஹிட்டர், ஆப்போசிட் ஆகிய இருவருக்கும் வெளிநாட்டுச் சந்தை அகலமானது. மிடில் பிளாக்கருக்கு அது பரவாயில்லை. செட்டருக்குக் குறுகலானது. லிபரோவுக்கோ ஊசிமுனை அளவு. பிரேசிலின் செர்ஜினியோ இத்தாலியில் பியாசென்சா கிளப்புக்கு ஆடினார் என்று யாராவது உதாரணம் காட்டலாம். அவர் 40 வயதில், 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற மனிதர். அவரை வைத்துப் பொதுவிதி எழுத முடியாது.

பெஞ்சும் களமும்

இந்த ஒப்பீட்டுக்கு இஷிகாவாவின் பாதையைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2014-15 பருவத்தில், சுவோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே அவர் இத்தாலியின் மோதெனா கிளப்புக்குச் சில மாதங்கள் போனார். நட்சத்திரங்கள் நிறைந்த அணி அது. அவருக்குக் களத்தில் கிடைத்த நேரம் சொற்பம். அதன் பிறகு அவர் செய்ததைக் கவனியுங்கள். அடுத்தடுத்துப் போனது லத்தீனா, சியேனா, பதோவா. கோப்பைக்காக அல்லாமல் நிலைத்திருப்பதற்காகப் போராடும் வகையைச் சேர்ந்த கிளப்புகள் இவை. அங்கே அவர் முதல் ஆறில் ஆடினார். எதிரணியின் சர்வீஸ் இலக்காக நின்றார். தோற்ற ஆட்டங்களிலும் நிறையப் பந்து அடித்தார். 2020இல் மிலானோ, 2024இல் பெருஜியா. படிப்படியாக ஏறித்தான் அவர் கடைசியில் உச்சிக்கு வந்தார்.

அவருடைய தேசிய அணித் தோழர் ரான் தகாஹாஷியும் பதோவாவில்தான் தொடங்கினார். மோன்சாவுக்கு மாறி, 2023-24 பருவத்தில் லீக் இறுதிப்போட்டி வரை ஆடிவிட்டு, சன்டோரி அணிக்காக ஜப்பான் திரும்பினார். யூஜி நிஷிதா விபோ வலென்ட்சியாவில் ஒரே பருவம் ஆடிவிட்டுத் திரும்பினார். மூவரில் யாருடைய வாழ்க்கையும் வீணாகவில்லை. ஆனால் மூவருமே தங்கள் ஐரோப்பிய நாட்களில் பெரும்பகுதியைக் களத்தில் கழித்தவர்கள்.

பெஞ்சுக்கும் ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. ஆண்கள் ஆட்டத்தின் உச்சத்தில் சர்வீஸ் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வரும். அப்படிச் சர்வீஸ் போடும் நான்கு பேரை அன்றாடப் பயிற்சியில் எதிர்கொள்வது சிறிய கிளப்பில் கிடைக்காத கல்வி. உடற்பயிற்சியாளர், பிசியோ, புள்ளிவிவர ஆய்வாளர் எல்லோரும் முதல்தரமானவர்கள். பெண்கள் பக்கம் வந்தால், 73 ஆட்டங்கள் தொடர்ந்து வென்ற துருக்கியின் வக்கிஃப்பேங்க், பின்னர் 76 வென்று அந்தச் சாதனையை முறியடித்த இத்தாலியின் கொனெலியானோ போன்ற அணிகளின் பயிற்சிக்கூடமே ஒரு பல்கலைக்கழகம். ஆனால் பயிற்சியில் தவறினால் பந்தை எடுத்து மறுபடி போடுவார்கள். 23-23இல் தவறினால் செட் போய்விடும். அந்தப் பதற்றத்தைப் பழகிக்கொள்ள வேறு வழி கிடையாது.

பெஞ்சு நல்ல தேர்வாக இருப்பது எனக்குத் தெரிந்து செட்டருக்கு மட்டும். பல பயிற்சியாளர்கள் செட்டின் நடுவில் செட்டரையும் ஆப்போசிட்டையும் ஒருசேர மாற்றி, முன்வரிசையில் மூன்று அடிப்பவர்கள் இருக்குமாறு பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது செட்டருக்கு இதனால் செட்டுக்குச் செட் சில நிமிடமாவது உறுதி. மூத்த செட்டர் எப்போது யாருக்குக் கொடுக்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்ப்பதும் அந்தத் தொழிலில் பாதிக் கல்வி. செட்டர்கள் தாமதமாகப் பழுப்பவர்கள். முப்பதைத் தாண்டியும் நீண்ட நாள் ஆடுகிறவர்கள். இருபது வயதில் இரண்டு ஆண்டு காத்திருப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகும். அவுட்சைடு ஹிட்டருக்குக் கட்டுப்படியாகாது.

பிரான்ஸ், ஜெர்மனி, செக் குடியரசு, பெல்ஜியம், பின்லாந்து ஆகிய நடுத்தர லீக்குகள் பற்றி ஏஜென்ட்கள் அவ்வளவு உற்சாகமாகப் பேசுவதில்லை. சம்பளம் சிறியதாக இருந்தால் அவர்களுடைய தரகும் சிறியதுதானே. ஆனாலும் முதல் வெளிநாட்டுப் பருவத்துக்கு இவற்றையே நான் முன்னால் வைப்பேன். பிரான்ஸில் கிளப்புகளின் கணக்குவழக்கை லீக்கின் நிதிக் கண்காணிப்புக் குழு ஒவ்வோர் ஆண்டும் தணிக்கை செய்கிறது. கணக்கு தவறினால் கிளப்பைக் கீழ்நிலைக்கே தள்ளும் அதிகாரம் அதற்கு உண்டு. சம்பளம் உரிய தேதியில் வருமா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உத்தரவாதம் தரும் லீக்குகள் அதிகம் இல்லை. தொகை சிறியதாக இருந்தாலும் கைக்கு வரும். தொகை பெரியதாக இருந்து மூன்று மாதம் பாக்கி வைக்கும் கிளப்புகளின் கதையை, சில பருவங்கள் வெளிநாட்டில் ஆடிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கிழக்கு ஆசியா: பணம் உண்டு, பந்தும் உண்டு, முழங்கால்தான் பாவம்

கொரியாவின் லீக்கை ஒரு விசித்திரமான சோதனைக்கூடம் என்று சொல்லலாம். வெளிநாட்டு ஆட்டக்காரரை அணிகள் தாமாகப் பேரம் பேசி எடுப்பதில்லை. தேர்வு முகாம் நடத்தி, முறைப்படி ஒருவரை ஒருவர் பின்தொடர்ந்து தேர்ந்தெடுக்கின்றன. முதலாண்டுச் சம்பளத்தை லீக்கே நிர்ணயித்துவிடுகிறது. பெண்கள் பிரிவில் இந்த முறை 2015-16லும், ஆண்கள் பிரிவில் அடுத்த பருவத்திலும் வந்தது. சம்பளம் நல்லது, நேரத்துக்கு வரும், பேரத்தில் ஏமாற வாய்ப்பில்லை. ஆனால் ஆசிய ஒதுக்கீட்டில் வருபவரைத் தவிர்த்தால் அணிக்கு ஒரே ஒரு வெளிநாட்டவர் என்பதால் அவர் பெரும்பாலும் ஆப்போசிட்டாகத்தான் இருப்பார். அணியின் தாக்குதலில் பாதிவரை அவர் தலையில் விழும். கஷ்டமான பந்து, உடைந்த ரிசீவ் (சர்வீஸைச் சரியாக எடுக்காத நிலை), இருபத்தைந்தாவது புள்ளி எல்லாம் அவருக்கே.

இருபத்தைந்து வயது ஆப்போசிட்டுக்கு இது பொற்காலம். அத்தனை பந்தை அடிக்க வேறெங்கும் கிடைக்காது. இருபது வயது உடலுக்கு இது ஆபத்து. உயர்நிலை ஆண் ஆட்டக்காரர்களில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் பிரச்சினை இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அடிக்கும் தோளின் பின்பக்கத் தசை நரம்பு அழுத்தத்தால் மெல்லமெல்ல வற்றிப்போவதும் இந்த ஆட்டத்தில் அதிகம் காணப்படும் நோய். பலருக்கு வலியே தெரியாமல் அது நடந்துகொண்டிருக்கும்.

ஆட்ட எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இத்தாலியின் ஆண்கள் லீக்கில் 12 அணிகள். வழக்கமான பருவத்தில் 22 ஆட்டங்கள். அதற்கு மேல் கோப்பை, ஐரோப்பியத் தொடர், பிளேஆஃப் எல்லாம் அணியின் தரத்தைப் பொறுத்தவை. கொரியாவில் ஏழு அணிகள் ஆறு சுற்று ஆடுவதால் 36. ஜப்பானில் 2024இல் தொடங்கிய எஸ்வி லீக்கின் முதல் பருவத்தில் 44. அதுவும் பெரும்பாலும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து. இத்தாலியின் சிறிய கிளப்பில் ஆடுபவருக்கு ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையே ஒரு வாரம் கற்றுக்கொள்ளக் கிடைக்கிறது. ஜப்பானில் ஆடுபவர் ஆடியே கற்றுக்கொள்ள வேண்டும்.

ஜப்பான் பற்றி ஒரு கூடுதல் செய்தி: அங்குள்ள ஆட்டம் ரிசீவிலும் பந்தைத் தரையில் விழாமல் காப்பதிலும் பிடிவாதமானது. உயரத்தை மட்டும் நம்பி வந்த ஹிட்டர், தான் அடித்த பந்து மூன்று முறை திரும்பி வருவதைப் பார்த்துத் திகைத்துப்போவார். பெருநிறுவனங்கள் நடத்தும் அணிகள் என்பதால் சம்பளம், மருத்துவம், தங்குமிடம் ஆகியவற்றில் குறை வராது.

ஆசிய நாட்டு ஆட்டக்காரர்களுக்கு இவ்விரு நாடுகளும் தனியாக ஓர் இடம் ஒதுக்கியிருப்பதைத் தனியே சொல்ல வேண்டும். கொரியாவில் அது 2023-24 பருவத்தில் வந்தது. இந்தோனேசியாவின் மெகாவதி ஹங்கெஸ்திரி அந்த வழியாக ரெட் ஸ்பார்க்ஸ் அணிக்குப் போனார். இரண்டாவது பருவத்தில் அணியை இறுதிப்போட்டிக்கே கொண்டு சென்றார். இந்த ஒதுக்கீடு இல்லாமலிருந்தால் அவர் ஐரோப்பாவின் நெடிய ஆப்போசிட்டுகளுடன் ஒரே ஓர் இடத்துக்காகப் போட்டியிட்டிருக்க வேண்டும். ஆசிய ஆட்டக்காரருக்கு, அதிலும் குறிப்பாக வீராங்கனைக்கு, ஐரோப்பிய நடுத்தர லீக்குக்குச் சமமாக எடைபோட வேண்டிய வழி இது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம்

பெண்களுக்கு இது உண்மையான வாய்ப்பு. ஆண்களுக்குப் பெரும்பாலும் பேச்சளவில்தான். அங்கே உயர்நிலைப் பிரிவில் பெண்கள் அணிகள் முந்நூறுக்கும் மேல். ஆண்கள் அணிகள் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க 92,003 பேர் கால்பந்து மைதானத்தில் கூடினார்கள். அந்த அளவுக்கு அங்கே அது பெரிய ஆட்டம். படிப்பு, உடற்பயிற்சிக்கூடம், மருத்துவம் எல்லாம் கிடைக்கும். பட்டமும் கையில் இருக்கும். முழங்கால் இருபத்தாறு வயதில் போய்விட்டால் பிழைப்புக்கு வழி இருக்கும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் ஏஜென்ட்களும் பயிற்சியாளர்களும் அதிகம் பேசாத ஒரு விஷயம் மாற்று ஆட்டக்காரர் விதி. சர்வதேச விதிப்படி ஒரு செட்டுக்கு ஆறு மாற்றங்கள்தான். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில் பதினைந்து. இதனால் உயரமான ஹிட்டர் முன்வரிசையில் மூன்று சுழற்சி ஆடிவிட்டு வெளியே வந்துவிடலாம். பின்வரிசைக்கு வேறு ஒருவர் இறங்குவார். நான்கு ஆண்டு இப்படியே ஆடியவர் தொழில்முறை லீக்குக்கு வரும்போது, ரிசீவ் தெரியாத அவுட்சைடு ஹிட்டராக வந்து நிற்பார். அங்கே போகிறவர், பின்வரிசையிலும் என்னை ஆடவிடுவீர்களா என்று பயிற்சியாளரிடம் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. இதே விதியின் இன்னொரு பக்கம் லிபரோக்களுக்கும் பின்வரிசை ஆட்டக்காரர்களுக்கும் சாதகமானது. அவர்களுக்கு அங்கே இடம் அதிகம். லிபரோ அங்கே சர்வீஸ்கூடப் போடலாம்.

முன்பே எங்காவது சம்பளத்துக்கு ஆடியிருந்தால் கல்லூரித் தகுதி கேள்விக்குள்ளாகும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருப்பதால் பழைய ஆட்டக்காரரின் அனுபவத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது. தொழில்முறை லீக்கில் ஆடிவிட்டுக் கல்லூரிக்குப் போவது கடினம். கல்லூரி முடித்துத் தொழில்முறைக்குப் போவது எளிது. அமெரிக்காவிலேயே 2024, 2025 ஆண்டுகளில் புதிய பெண்கள் லீக்குகள் தொடங்கிவிட்டன. ஆகவே இந்த வழி மனதில் இருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

மணல்

மணல் வாலிபாலுக்குக் கிளப் சம்பளம் கிடையாது. இருவர் சேர்ந்து ஒரு நிறுவனம் நடத்துவதுபோலத்தான் அது. விமான டிக்கெட், விடுதி, பயிற்சியாளர் எல்லாம் தங்கள் செலவு. கூட்டமைப்போ விளம்பரதாரரோ கைகொடுத்தால் உண்டு. தரவரிசைப் புள்ளி இல்லாமல் பெரிய தொடருக்குள் நுழைய முடியாது. சிறிய தொடர்களில் ஆடாமல் புள்ளி வராது. தொடக்க ஆண்டுகளில் பரிசுப்பணம் செலவுக்கே காணாது.

இருந்தும் ஒரு கணக்கு இங்கே மணலுக்குச் சாதகமாக இருக்கிறது. ஒலிம்பிக்கில் ஆறு பேர் ஆட்டத்துக்கு ஒரு பிரிவில் 12 அணிகள்தான். மணலில் 24 ஜோடிகள். ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு. ஆறு பேர் அணி ஒலிம்பிக்குக்கு வரவே முடியாத நாட்டில் பிறந்தவருக்கு மணல்தான் உள்ள ஒரே கதவு. நார்வேயின் ஆறு பேர் அணி ஒலிம்பிக்கில் ஆடியதே இல்லை. ஆனால் அந்நாட்டின் மோல், சோரம் ஜோடி டோக்கியோவில் தங்கமும் பாரிஸில் வெண்கலமும் வென்றது. டோக்கியோவின் வெண்கலம் கத்தார் ஜோடிக்குப் போனது. 2024இல் பாரிஸில் தங்கம் வென்ற சுவீடனின் ஆஹ்மான், ஹெல்விக் இருவருக்கும் அப்போது வயது 22 அளவில்தான்.

இரண்டையும் ஆடலாமே என்பார்கள். அமெரிக்காவின் கார்ச் கிராய் 1984, 1988 ஒலிம்பிக்குகளில் ஆறு பேர் ஆட்டத்திலும், 1996இல் மணலிலும் தங்கம் வென்றார். இடையில் இத்தாலியின் ரவேன்னாவில் கிளப் ஆட்டமும் ஆடினார். இன்றைய நாட்காட்டியில் அப்படி ஒருவர் வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. மணலில் கால் பதிய ஓரிரு ஆண்டு பிடிக்கும். திரும்பி வரும்போது தளத்தில் தாவும் நேரக்கணிப்பு மாறிப்போயிருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குட்டையான, நன்றாக ரிசீவ் செய்கிற, எல்லாக் கைவேலையும் தெரிந்த, கூட்டாளியோடு ஆண்டுக்கணக்கில் ஒத்துப்போகும் குணமுள்ள ஆட்டக்காரருக்கு மட்டும் மணலை முதல் வழியாகச் சொல்வேன். கடைசித் தகுதி அரிது.

உள்நாட்டில் இருப்பது பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள்நாட்டு லீக் ஆண்டில் ஆறு மாதமாவது நடக்கிறதா, அதில் வெளிநாட்டவர் ஆடுகிறார்களா என்று பாருங்கள். இரண்டும் உண்டென்றால் இருபத்தொரு வயது வரை இருக்கலாம். ஒரு மாதத்தில் முடிந்துவிடும் தொடர் என்றால் அதை லீக் என்று சொல்லிக்கொண்டு காத்திருப்பதில் பொருளில்லை. ஐரோப்பியப் பருவம் முடிந்தபின் வளைகுடா நாடுகளிலோ தென்கிழக்கு ஆசியாவிலோ ஓரிரு மாதம் ஆடும் குறுகிய ஒப்பந்தங்கள், பெயரும் அனுபவமும் வந்த பின்பு கூடுதல் வருமானத்துக்கு நல்லவை. முதல் ஒப்பந்தத்துக்கு அல்ல.

காகிதத்தை யார் வைத்திருக்கிறார்

ஆட்டக்காரர்கள் கடைசியில் பார்ப்பது, முதலில் பார்த்திருக்க வேண்டியது இது. வெளிநாட்டு கிளப்புக்கு ஆட சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வேண்டும். லோசானில் இருந்து இயங்கும் உலகக் கூட்டமைப்பின் முறைப்படி, அனுப்பும் நாட்டுக் கூட்டமைப்பும் ஏற்கும் நாட்டுக் கூட்டமைப்பும் ஒப்புதல் தர வேண்டும்; அதற்கான கட்டணமும் உண்டு. சான்றிதழுக்குக் காலவரம்பு இருக்கிறது. அது முடிந்ததும் ஆட்டக்காரர் தன் சொந்தக் கூட்டமைப்பின் கீழ் திரும்பிவிடுவார். உள்நாட்டு கிளப்போடு போட்ட பழைய ஒப்பந்தம் இந்த இடத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும்.

கொரிய வீராங்கனை கிம் யோன்-கியோங் விஷயத்தில் நடந்தது இதுதான். கொரியாவில் நான்கு பருவம் ஆடிவிட்டு, கிளப்பின் சம்மதத்தோடு ஜப்பானில் இரண்டு ஆண்டும் துருக்கியில் ஓர் ஆண்டும் ஆடினார். கொரிய விதிப்படி ஆறு பருவம் ஆடினால்தான் விரும்பிய கிளப்புக்குப் போகும் விடுதலை. வெளிநாட்டில் ஆடியது கணக்கில் சேருமா என்பதில் கிளப்பும் அவரும் மோதிக்கொண்டார்கள். அது 2012. அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அவருடைய அணி நான்காவதாக வந்தும், தொடரின் சிறந்த வீராங்கனை அவர்தான். உலகின் முதல்நிலை வீராங்கனைக்கே ஒரு வரி தெளிவாக இல்லாததால் இத்தனை இழுபறி. இருபது வயது ஆட்டக்காரருக்கு வழக்கறிஞருக்குச் செலவிடப் பணம் எங்கே இருக்கும்?

குடியுரிமை மாற்றம் பற்றியும் சிலர் யோசிப்பார்கள். கியூபாவின் வில்ஃப்ரெடோ லியோன் பதினான்கு வயதில் தேசிய அணிக்கு ஆடியவர். நாட்டை விட்டு வெளியேறியபின் சில காலம் ஆடாமல் இருந்தார். 2015இல் போலந்துக் குடிமகனானார். 2019இல்தான் அந்த நாட்டு அணிக்கு ஆட முடிந்தது. பாரிஸில் வெள்ளிப் பதக்கம். அவ்வளவு திறமை இருந்தால் அத்தனை ஆண்டை இழக்கலாம்.

ஒப்பந்தத்தில் எதைப் பார்ப்பது? சம்பளம் வரி போக நிகரத் தொகையா, காயம்பட்டால் சம்பளம் தொடருமா, அறுவைசிகிச்சைக்கு யார் பணம் கட்டுவார்கள், எத்தனை நாள் பாக்கி வைத்தால் ஆட்டக்காரர் விலகிக்கொள்ளலாம், சான்றிதழ்க் கட்டணம் யாருடையது, ஏஜென்டின் தரகைக் கொடுப்பது கிளப்பா ஆட்டக்காரரா. வீராங்கனைகள் கர்ப்பம் பற்றிய வரியையும் தேடிப் பார்க்க வேண்டும். இத்தாலியில் கருவுற்றதற்காக ஒரு வீராங்கனையிடம் கிளப் நஷ்டஈடு கேட்டதும், எதிர்ப்பு கிளம்பியபின் 2021இல் கோரிக்கையைக் கைவிட்டதும் நடந்த கதை.

கோடைக்காலத்தையும் கணக்கில் சேருங்கள். கிளப் பருவம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல், மே வரை போகும். அது முடிந்த கையோடு தேசிய அணிகள் மோதும் நேஷன்ஸ் லீக். மூன்று வாரத்தில் மூன்று நகரங்களில் 12 ஆட்டங்கள். உலக சாம்பியன்ஷிப் தொடர் இனி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. சீனாவின் ஜூ டிங் ரியோவில் சிறந்த வீராங்கனை; டோக்கியோவுக்கு மணிக்கட்டுக் காயத்தோடு வந்தார், அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது. பெரிய தேசிய அணியில் இடம் உறுதியானவர், ஆட்ட எண்ணிக்கை குறைந்த லீக்கைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை.

என் வரிசை இப்படி அமையும். ரிசீவும் செய்யும் அவுட்சைடு ஹிட்டருக்கு முதலில் பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நடுத்தர லீக்கின் முதல் ஆறில் இடம். பின்னர் இத்தாலி, போலந்தின் கீழ்ப்பாதி அணிகள். ஆப்போசிட்டுக்கும் தொடக்கம் அதுவே. கொரியா இருபத்து நான்குக்குப் பிறகு. ஆசிய ஒதுக்கீடு பொருந்துபவருக்கு மட்டும் அந்த வயது வரம்பைத் தளர்த்துவேன். மிடில் பிளாக்கர் பெண்ணாக இருந்து படிப்பிலும் விருப்பமிருந்தால் அமெரிக்கா. செட்டருக்கு உள்நாட்டிலோ நெருங்கிய மொழி பேசும் நாட்டிலோ ஓரிரு ஆண்டு முழுநேர ஆட்டம். அதன் பிறகு பெரிய கிளப்பின் பெஞ்சுகூடப் பரவாயில்லை. லிபரோ பெண்ணென்றால் கல்லூரி. ஆணென்றால் உள்நாடு அல்லது மணல்.

கையெழுத்திடும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று பருவங்களில் அதே கிளப்பில் ஆடிவிட்டுப் போன வெளிநாட்டவர்களின் பெயர்கள் லீக்கின் பதிவுகளில் இருக்கும். அவர்களில் இருவரையாவது தேடிப் பிடித்து, மார்ச் மாதச் சம்பளம் எந்த மாதத்தில் வந்தது என்று கேளுங்கள். கிளப் பிளேஆஃபுக்குத் தகுதிபெறாத ஆண்டில் ஆடியவரிடம் கேட்பது இன்னும் நல்லது.